சரிவுக்குக் கீழே நிற்கும் தடுப்புச் சுவர்: மண் அழுத்தத்தைக் கணிப்பது எப்படி

தடுப்புச் சுவருக்குப் பின்னால் தரை சமமாக இருந்தால் கணக்கு சுலபம். உராய்வுக் கோணம் (ஒட்டுமை இல்லாத மண் நழுவாமல் நிற்கக்கூடிய கோணம்) 30 டிகிரி, கெழு (மண்ணின் எடையில் பக்கவாட்டாகத் தள்ளும் பங்கு) மூன்றில் ஒன்று, மண்ணின் எடை, உயரத்தின் வர்க்கம், எல்லாம் பெருக்கி அதில் பாதி, முடிந்தது. பின்னால் தரை மேலேறிப் போகும் இடத்திலும் பலர் இதே கணக்கைப் போட்டு, சரிவுக்காகப் பத்து சதவீதம் சேர்த்துவிட்டுக் கம்பி விவரத்துக்குப் போய்விடுகிறார்கள். சுவர் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே எனக்கு அடிக்கடி கண்ணில் படுவது இந்தப் பத்து சதவீதம்தான். 20 டிகிரி சரிவுக்குக் கீழே நிற்கும் சாதாரணச் சுவரில் கிடைவிசை ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. தண்ணீர் சேர்ந்தால் இன்னும் எங்கேயோ போகிறது.

சூத்திரம் இங்கே பெரிய விஷயமே இல்லை. அதில் போடும் கோணம், உயரம், தண்ணீர் மட்டம் இந்த மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே சுவரை எடுத்துக்கொண்டு கடைசி வரை போட்டுக் காட்டுகிறேன். கால்குலேட்டரும் வரைபடத் தாளும் கையில் இருந்தால் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

சுவர் இது: தலைகீழ் டி வடிவக் கான்கிரீட் சுவர். ஃபுட்டிங்கின் (அடித்தளப் பலகையின்) அடியிலிருந்து சுவர் உச்சி வரை 3.5 மீட்டர். அதில் ஃபுட்டிங் தடிமன் 0.4 மீட்டர், ஸ்டெம் (அதன்மேல் நிற்கும் சுவர்) உயரம் 3.1 மீட்டர், ஸ்டெம் தடிமன் 0.35 மீட்டர். ஃபுட்டிங்கின் முன்பக்க நீட்சியான டோ 0.7 மீட்டர், பின்னால் மண்ணுக்கு அடியில் போகும் நீட்சியான ஹீல் 1.5 மீட்டர். பின்னால் மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய நூறு கிலோ எடை), உராய்வுக் கோணம் 30 டிகிரி. சுவரின் உச்சியிலிருந்தே தரை 20 டிகிரியில் ஏறுகிறது.

சரிவை அளப்பது

சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடு பிடித்து, அந்தக் கோட்டில் குறுக்குவெட்டு எடுங்கள். ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் (மட்டம் பார்க்கும் கருவியும் அதற்கான அளவுகோலும்) இருந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு அளவு. இல்லையென்றால் இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் செல்போனை வைத்துக் கோணம் பார்த்தாலும் முதல் கணிப்புக்குப் போதும். நேரடியாகத் தரையில் போனை வைத்தால் ஒரு கல்லின் கோணத்தைத்தான் அளப்பீர்கள். குறைந்தது மூன்று இடங்களில் வெட்டு எடுத்து, அதில் செங்குத்தானதைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். சுவர் சராசரியான இடத்தில் சாய்வதில்லை.

சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. 20 டிகிரி என்பது 36 சதவீதச் சரிவு. "ஒன்றுக்கு இரண்டு" என்று சொன்னால், அதாவது ஒரு மீட்டர் உயர்வுக்கு இரண்டு மீட்டர் கிடைதூரம் என்றால், 26.6 டிகிரி. ஒன்றுக்கு மூன்று 18.4 டிகிரி. ஒன்றுக்கு ஒன்றரை 33.7 டிகிரி. வரைபடத்தில் வெறுமனே "சரிவு 30" என்று எழுதியிருந்தால் டிகிரியா சதவீதமா என்று கேட்காமல் நான் அடுத்த பக்கம் திருப்புவதில்லை.

அளக்கும்போதே சரிவு எவ்வளவு தூரம் ஏறிப் பிறகு சமமாகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பிறகு தேவைப்படும். மேலே பாதை, வீடு, தண்ணீர்த் தொட்டி எது இருந்தாலும் சுவரிலிருந்து அதன் தூரத்தை எழுதிவையுங்கள். சரிவில் கிடைக்கோடாக ஓடும் விரிசல், ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பச்சையாக நிற்கும் புல், இவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலும் சாய்ந்த மரமும் அந்தச் சரிவு ஏற்கெனவே நகர்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். நகரும் சரிவுக்கு இந்தக் கட்டுரையில் வரும் எந்தக் கணக்கும் பொருந்தாது. அங்கே முதலில் மொத்தச் சரிவின் நிலைத்தன்மையை மண்ணியல் பொறியாளர் பார்க்க வேண்டும். சுவர் அதற்கு அப்புறம்.

எந்த மண்ணின் கோணம்?

தளர்வான மணலுக்கு உராய்வுக் கோணம் ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி. நடுத்தர இறுக்கத்துக்கு 32 முதல் 35. நன்றாக இறுகிய மணலும் சரளையும் 36க்கு மேல் போகும். வண்டலுக்கு 26 முதல் 30, களிமண்ணுக்கு நீண்டகால நிலையில் 20 முதல் 28 வரை எடுப்பது வழக்கம். இவையெல்லாம் ஆய்வகத்தில் நேரடி வெட்டுச் சோதனை செய்யும்வரை கையில் வைத்துக்கொள்ளும் எண்கள்தான்.

இதைவிட முக்கியமான கேள்வி, எந்த மண்ணின் கோணம் என்பது. சுவருக்குப் பின்னால் நல்ல சரளை நிரப்பப் போகிறோம், அதனால் 36 டிகிரி எடுத்தேன் என்பார்கள். சரளை எவ்வளவு அகலத்துக்கு நிரப்புகிறீர்கள்? நம் சுவரில் மண் ஆப்பு (சுவரைத் தள்ளிக்கொண்டு நழுவப் பார்க்கும் முக்கோண மண்கட்டி) ஹீலின் அடிமுனையிலிருந்து ஏறக்குறைய 48 டிகிரியில் மேலே போய், ஹீலிலிருந்து ஐந்து மீட்டருக்கும் சற்று அப்பால் தரையைத் தொடுகிறது. அந்தக் கணக்கு பின்னால் வருகிறது. நீங்கள் ஹீலை ஒட்டி 60 டிகிரியில் வெட்டிவிட்டு அந்த இடைவெளியில் மட்டும் சரளை போட்டால், நழுவும் தளம் சரளைக்குள் இருக்காது. அது பழைய மண்ணுக்குள்தான் இருக்கும். அப்போது சுவரை அழுத்துவதும் பழைய மண்தான். சரளை தண்ணீரை வடிக்க உதவும், கோணத்துக்கு உதவாது.

களிமண்ணின் ஒட்டுமையை (துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பிடிக்கும் பலத்தை) அழுத்தத்தைக் குறைக்கப் பயன்படுத்தாதீர்கள். காய்ந்த மண்வெட்டு செங்குத்தாக நிற்பதைப் பார்த்து நம்பிக்கை வரும். நான்கு நாள் மழையில் அந்த ஒட்டுமையில் பெரும்பகுதி போய்விடும். மேலே விழும் இழுவிரிசலில் தண்ணீர் நிறைந்தால் அது தனியாக ஒரு தள்ளு தள்ளும். நான் சரிபார்க்கும் சுவர்களில் ஒட்டுமை பூஜ்யம் என்றுதான் போடச் சொல்கிறேன்.

கெழு

மண் அழுத்தத்துக்கு இரண்டு பழைய வழிகள் இன்றைக்கும் போதும். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் 1773இல் வைத்த ஆப்பு முறை ஒன்று. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1857இல் வெளியிட்டது இன்னொன்று. சரிவுள்ள தரைக்கு ராங்கின் கெழு இது:

மூலம் = √(கோசைன்² சரிவு − கோசைன்² உராய்வு)

கெழு = கோசைன் சரிவு × (கோசைன் சரிவு − மூலம்) ÷ (கோசைன் சரிவு + மூலம்)

நம் எண்களைப் போடுவோம். 20 டிகிரியின் கோசைன் 0.940, அதன் வர்க்கம் 0.883. 30 டிகிரியின் கோசைன் வர்க்கம் 0.75. வித்தியாசம் 0.133, அதன் மூலம் 0.365. மேலே 0.575, கீழே 1.304, வகுத்தால் 0.441. அதை 0.940ஆல் பெருக்கினால் 0.414.

இதே 30 டிகிரி மண்ணுக்குச் சரிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். சமதரைக்கு 0.333. 10 டிகிரிக்கு 0.350. 15க்கு 0.373. 20க்கு 0.414. 25க்கு 0.494. 30 டிகிரியில் 0.866. முதல் பதினைந்து டிகிரி வரை மெல்ல ஏறும் எண் கடைசி ஐந்து டிகிரியில் தாவுகிறது. சரிவுக் கோணம் உராய்வுக் கோணத்தை நெருங்க நெருங்கத் தன் எடையைத் தானே தாங்க மண்ணிடம் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை, எல்லாவற்றையும் சுவர்மேல் போடுகிறது. சரிவு உராய்வுக் கோணத்தைத் தாண்டினால் மூலத்துக்குள் எண் எதிர்மறையாகி, கால்குலேட்டர் பிழை காட்டும். ஒட்டுமை இல்லாத மண் அந்தக் கோணத்தில் நிற்காது என்பதை அது சரியாகவே சொல்கிறது. ஒரு டிகிரி குறைத்துப் போட்டு விடை வாங்கிவிடாதீர்கள்.

அதனால்தான் உராய்வுக் கோணத்தில் காட்டும் தாராளம் சரிவுக்குக் கீழே அதிகம் சுடும். 30 என்று நினைத்தது 26 ஆக இருந்தால் சமதரையில் கெழு 17 சதவீதம் கூடும். 20 டிகிரி சரிவின் கீழ் அதே நான்கு டிகிரிக்கு 0.414 என்பது 0.515 ஆகும், 24 சதவீதம். எனக்கு எந்தச் சுவர் வந்தாலும் இரண்டு கோணங்களில் போட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். விடைகள் பெரிதாக விலகினால் ஆய்வகச் சோதனைக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

உயரத்தை எங்கே அளப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சுவர் நழுவுமா, கவிழுமா என்று பார்க்கும்போது நகர்வது ஸ்டெம் மட்டும் அல்ல. ஹீலின் மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணும் சேர்ந்து ஒரே கட்டியாக நகர்கிறது. எனவே அழுத்தத்தை ஸ்டெம்மின் முதுகில் எடுக்கக் கூடாது. ஹீலின் பின்முனையிலிருந்து நேராக மேலே, தரையைத் தொடும்வரை ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் எடுக்க வேண்டும். தரை சமமாக இருந்தால் இரண்டு உயரமும் ஒன்றுதான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தரை ஏறும்போது அந்தக் கோடு சுவரைவிட உயரமாகிவிடும்.

நம் சுவரில் ஹீல் 1.5 மீட்டர். 20 டிகிரியின் டேன் 0.364. எனவே 1.5 × 0.364 = 0.55 மீட்டர் கூடுதல். உயரம் 3.5 அல்ல, 4.05 மீட்டர்.

விசை = 0.5 × 0.414 × 18 × 4.05 × 4.05 = 61.1 கிலோநியூட்டன், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும். 3.5 மீட்டரையே வைத்திருந்தால் 45.6தான் வந்திருக்கும். கெழுவைச் சரியாகப் போட்டும் கால் பங்கு விசை கணக்கில் விழாமல் போயிருக்கும்.

இந்த விசை தரைக்கு இணையாக, 20 டிகிரி சாய்ந்து கீழ்நோக்கித் தள்ளுகிறது. கிடைப்பகுதி 57.4, செங்குத்துப் பகுதி 20.9. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1.35 மீட்டரில் செயல்படுகிறது. கிடைப்பகுதியால் வரும் கவிழ்ப்புத் திருப்பம் (விசையை அது செயல்படும் உயரத்தால் பெருக்கியது) 77.5 கிலோநியூட்டன் மீட்டர்.

சமதரைக்கு இதே சுவரில் விசை 36.8, திருப்பம் 42.9. ஆக, கிடைவிசை 56 சதவீதம் கூடியிருக்கிறது, திருப்பம் 81 சதவீதம். இன்னும் தெளிவாகச் சொன்னால், ஒவ்வொரு மீட்டரிலும் ஏறக்குறைய ஆறு டன் எடைக்குச் சமமான தள்ளு.

ஸ்டெம்முக்குக் கம்பி கணக்கிடும்போது மட்டும் உயரத்தை ஸ்டெம் முதுகிலேயே, 3.1 மீட்டர் என்று எடுங்கள். கெழு அதே 0.414. கிடைவிசை 33.6, ஸ்டெம் அடியில் வளைவுத் திருப்பம் 34.8 வரும். இரண்டு உயரங்களையும் ஒரே தாளில் தனித்தனியாக எழுதிவைத்தால் சரிபார்ப்பவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஆப்பு போட்டுச் சரிபார்ப்பது

சூத்திரத்தில் வந்த விடையை வேறு வழியில் ஒருமுறை பார்க்காமல் விடக் கூடாது. சரிவு பாதியில் சமமானாலோ, மேலே ஒரு பாரம் உட்கார்ந்திருந்தாலோ சூத்திரமே உதவாது, இந்த வழிதான். மென்பொருள் இருப்பவர்களும் ஒரே ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். மண் எங்கிருந்து தள்ளுகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

குறுக்குவெட்டை அளவுக்கேற்ப வரையுங்கள். ஹீலின் அடிமுனையிலிருந்து கிடைக்கு 60, 55, 50, 45 டிகிரியில் நான்கு கோடுகள் தரையைத் தொடும்வரை இழுங்கள். ஒவ்வொரு கோடும் செங்குத்துக் கோடும் தரையும் சேர்ந்து ஒரு மண் ஆப்பு. அதன் பரப்பை 18ஆல் பெருக்கினால் எடை. பிறகு:

விசை = எடை × சைன் (கோட்டின் கோணம் − உராய்வு) ÷ கோசைன் (கோட்டின் கோணம் − உராய்வு − விசையின் சாய்வு)

விசையின் சாய்வு இங்கே 20 டிகிரி. 60 டிகிரிக் கோட்டில் ஆப்பின் எடை 107.9, விசை 54.8. 55இல் எடை 138.7, விசை 58.8. 50இல் எடை 178.3, விசை 61.0. 45இல் எடை 232.1 ஆகிவிடுகிறது, ஆனாலும் விசை 60.3க்கு இறங்குகிறது. ஆப்பு பெரிதாகும்போது எடை கூடுகிறது, அடித்தளம் படுத்துவிடுவதால் தள்ளு குறைகிறது. உச்சம் 48 டிகிரி பக்கம், 61.1. ராங்கின் சூத்திரம் தந்த அதே எண். விசையின் சாய்வும் தரையின் சரிவும் ஒன்றாக இருக்கும்போது இரண்டு முறைகளும் ஒரே இடத்துக்கு வந்துசேர வேண்டும். வராவிட்டால் எங்கோ பரப்பைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள்.

இந்த ஆப்பு ஹீலிலிருந்து ஐந்தேகால் மீட்டர் வாக்கில் தரையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் சரிவு தொடர்ந்தாலும் சமமானாலும் சுவரின் அழுத்தம் மாறாது. சரிவு ஹீலிலிருந்து 3 மீட்டரிலேயே முடிந்து சமமானால் எவ்வளவு குறையும்? விசையின் சாய்வை அதே 20 டிகிரியாக வைத்துப் போட்டால் 58.6. வெறும் நான்கு சதவீதம். "மேலே கொஞ்ச தூரத்தில் சமமாகிவிடுகிறது சார், அதனால் சமதரைக்கே போட்டோம்" என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் எண் இதுதான். சரிவு இன்னும் நெருக்கத்தில் முடிந்தால் விசையின் சாய்வையும் குறைத்துப் போடுங்கள், அதுதான் பாதுகாப்பான பக்கம்.

பாரமும் இப்படியே. ஹீலிலிருந்து 3 மீட்டரில் சுவருக்கு இணையாக ஒரு மதில் ஓடுகிறது, மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தைத் தாண்டிப் போகும் ஆப்புகளின் எடையில் 30ஐக் கூட்டுங்கள். உச்சம் 53 டிகிரிக்கு நகர்ந்து விசை 71.7 ஆகிறது. பரவலான பாரம் என்றால் கெழு × பாரம் × உயரம். சதுரமீட்டருக்கு 10 கிலோநியூட்டனுக்கு 16.8 கிலோநியூட்டன் கூடும். அது மூன்றில் ஒரு பங்கில் அல்ல, பாதி உயரத்தில் செயல்படும்.

தண்ணீர்

இதுவரை போட்டது எல்லாம் வடிந்த மண்ணுக்கு. சரிவுக்குக் கீழே நிற்கும் சுவர் தன் பின்னால் விழும் மழையை மட்டும் வாங்குவதில்லை. மேலிருந்து மண்ணுக்குள் இறங்கிவரும் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கிறது.

சுவரின் உச்சி மட்டம் வரை, அதாவது 3.5 மீட்டருக்குத் தண்ணீர் தேங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் 0.5 × 9.81 × 3.5 × 3.5 = 60.1 கிலோநியூட்டன். மூழ்கிய மண்ணின் பயனுறு எடை (தண்ணீரின் மிதப்பு போக மிச்சம்) 10.2 ஆகக் குறைவதால் மண்ணின் கிடைவிசை 57.4இலிருந்து 38.9க்கு இறங்கும். மொத்தம் 99. தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காத தோராயம்தான் இது. ஆனாலும் எழுபது சதவீதம் கூடுகிறது என்பதைப் பார்க்க இது போதும். தண்ணீருக்குக் கெழு கிடையாது, அது முழுதாகத் தள்ளும்.

சரிவின் கதை இன்னும் மோசம். நீண்ட சரிவு உலர்ந்திருக்கும்போது அதன் பாதுகாப்புக் காரணி (எதிர்ப்பைத் தள்ளால் வகுத்த எண், ஒன்றுக்குக் கீழே போனால் நிற்காது), உராய்வுக் கோணத்தின் டேனைச் சரிவுக் கோணத்தின் டேனால் வகுத்தது: 0.577 ÷ 0.364 = 1.59. மண் முழுக்க நனைந்து, தண்ணீர் தரைக்கு இணையாக ஓடினால் அதைப் பயனுறு எடைக்கும் நனைந்த எடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். நனைந்த எடையை 20 என்று வைத்தால் 10.2 ÷ 20, அதாவது 0.51. விடை 0.81. கோடையில் தைரியமாக நிற்கும் அதே சரிவு, ஒட்டுமை இல்லாவிட்டால், அடைமழையில் தானே இறங்கிவிடும். அப்போது சுவரைத் தள்ளுவது நாம் வரைந்த சின்ன ஆப்பு இல்லை.

அதனால் வடிகாலை நான் அழுத்தக் கணக்கின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். உலர்ந்த மண்ணுக்குக் கணக்குப் போட்டால், மண் உலர்ந்தே இருக்கும் என்பதை வரைபடத்தில் காட்டியாக வேண்டும். ஸ்டெம் முதுகில் குறைந்தது 30 சென்டிமீட்டர் சரளைப் பட்டை, அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி, ஸ்டெம்மின் அடியில் துளையிட்ட குழாய். குழாய்க்கு வெளியேறும் வாய் இருக்க வேண்டும், அதைக் கழுவிவிட வழியும் வேண்டும். ஸ்டெம்மில் 75 முதல் 100 மில்லிமீட்டர் வீப் ஹோல்கள் (தண்ணீர் வெளியேறும் துளைகள்), ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில். சரிவின் தலைப்பில் சிமென்ட் பூசிய வாய்க்கால் ஒன்று போட்டு, மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். வீப் ஹோலின் பின்னால் வடிதுணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் மண் அடைத்துக்கொள்ளும், அல்லது மண்ணே வெளியேறிப் பின்னால் குழி விழும். ஏற்கெனவே கட்டிய சுவரைப் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளைகளைத்தான். மழை பெய்த மறுநாள் எல்லாத் துளைகளும் காய்ந்திருந்தால் அடைத்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னும் சில

மேலே உள்ள கெழு, சுவர் கொஞ்சம் முன்னால் நகர முடிந்தால்தான் பொருந்தும். உயரத்தில் ஆயிரத்தில் ஒன்று இரண்டு பங்கு, நம் சுவருக்கு 4 முதல் 7 மில்லிமீட்டர், நகர்ந்தால் இறுகிய மணலுக்குப் போதும். பாறையில் பிணைத்த சுவர், மேலே தளத்தோடு கட்டிய நிலவறைச் சுவர் இவை நகராது. அவற்றுக்கு அசையாநிலைக் கெழு: (1 − சைன் உராய்வு) × (1 + சைன் சரிவு). நம் எண்களுக்கு 0.5 × 1.342 = 0.67. அறுபது சதவீதம் அதிகம்.

நிலநடுக்கப் பகுதி என்றால் அதிர்வையும் சேர்த்து மண் அழுத்தத்தைக் கணிக்கும் மொனோனோபே–ஒகாபே முறை வரும். அதிலும் சரிவுதான் இடிக்கும். உராய்வுக் கோணத்துக்கும் சரிவுக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு 10 டிகிரி. கிடை முடுக்கம் புவியீர்ப்பில் 0.176 பங்கைத் தாண்டினால் அந்த 10 டிகிரியும் தீர்ந்து, சூத்திரம் விடை தராது. அங்கே சரிவைக் குறைப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பின்நிரப்பை இறுக்கும்போது கனமான ரோலரைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் விடாதீர்கள். கணக்கில் இல்லாத அழுத்தம் அங்கே பூட்டிக்கொள்ளும்.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது

கான்கிரீட்டைக் கனமீட்டருக்கு 24 கிலோநியூட்டன் என்று வைத்து நம் சுவரின் செங்குத்து எடைகளைக் கூட்டினால்: ஸ்டெம் 26.0, ஃபுட்டிங் 24.5, ஹீல் மேல் மண் 83.7, அதற்கு மேல் முக்கோண மண் 7.4, விசையின் செங்குத்துப் பகுதி 20.9. மொத்தம் 162.5. அடியில் உராய்வுக் கெழு 0.47 என்றால் நழுவலை எதிர்க்கும் விசை 76.4. தள்ளுவது 57.4. பாதுகாப்புக் காரணி 1.33. வழக்கமாகக் கேட்பது 1.5. இதே சுவர் சமதரையில் 1.72 வாங்கித் தேறிவிடும். அடியில் மேல்நோக்கித் தள்ளும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமலேயே, பின்னால் தண்ணீர் தேங்கினால் 0.8க்குக் கீழே போய்விடுகிறது.

கவிழ்வில் பிரச்சினை இல்லை. டோவைச் சுற்றி நிலைநிறுத்தும் திருப்பம் 273, கவிழ்ப்பது 77.5, விகிதம் 3.5. சரிவுக்குக் கீழே நிற்கும் டி வடிவச் சுவர்களில் பெரும்பாலும் முதலில் தோற்பது நழுவல்தான். பலர் கவிழ்வு தேறியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஹீலை நீட்டினால் மண் எடை கூடும், ஆனால் செங்குத்துக் கோடும் பின்னால் போய் உயரம் கூடும், அழுத்தமும் கூடும். எனவே நீட்டிய பிறகு முதலிலிருந்து திரும்பப் போட வேண்டும். அடியில் கீ (ஃபுட்டிங்கிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் பல்) வைப்பது இன்னொரு வழி. சரிவின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் வெட்டி 15 டிகிரிக்குக் கொண்டுவர இடம் இருந்தால் நான் அதையே விரும்புவேன். ஆப்பின் எடையே குறைகிறது. வெட்டும்போது மேலே சரிவைச் செங்குத்தாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வீடு இருந்தாலோ, சுவர் நம் எடுத்துக்காட்டைவிட உயரமாகப் போனாலோ, கைக்கணக்கோடு நிறுத்தாமல் துளையிட்டு மண் எடுத்துச் சோதித்து, சுவருக்கு அடியில் போகும் நழுவலையும் சேர்த்து மண்ணியல் பொறியாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தின் ஓரத்தில் ஐந்து வரி எழுதுங்கள். உராய்வுக் கோணம் 30 டிகிரி, அது எந்தச் சோதனையிலிருந்து வந்தது. தரைச் சரிவு 20 டிகிரி, எந்தத் தேதியில் அளந்தது. தண்ணீர் மட்டம் ஃபுட்டிங்குக்குக் கீழே, வடிகால் வேலை செய்யும் என்ற நிபந்தனையோடு. மேற்பாரம் எவ்வளவு எடுத்தீர்கள். கடைசியாக, ஹீலிலிருந்து ஆறு மீட்டருக்குள் மண் கொட்டவோ கட்டடம் எழுப்பவோ வேண்டுமானால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். சுவர் கட்டி முடிந்த சில வருடங்களில் யாராவது மேலே அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து அதே சரிவில் கொட்டுவார்கள். அப்போது அவர்கள் கையில் இருக்கக்கூடியது இந்தத் தாள் மட்டும்தான்.